சிவப்புக் காம்பில்லாத தழை

டெல்ஃபியா கோகர் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அவள் முகத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் பார்க்கிறாள் என்றால், கடைசி சீட்டில் ஒருவன் சட்டைப்பையில் வைத்திருக்கும் தவளைகூட அசையாமல் இருந்துகொள்ளும். பிர்ச் லிக் பள்ளத்தாக்கில் இருபது வருடத்துக்கும் மேலாக அந்த மஞ்சள் பஸ்ஸை அவள்தான் ஓட்டுகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்குவாள். ஆனால் எவ்வளவு பனி கொட்டினாலும் ஒரு பிள்ளையையும் வழியில் விட்டு வந்ததில்லை. ஊரில் அவளுக்கு நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். தான் சொன்னதே சரி என்று நிற்பாள். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

ராம்ப் விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. ராம்ப் என்பது மேற்கு வர்ஜினியா மலைகளில் ஏப்ரல் மாதம் தானாக முளைக்கிற காட்டுப்பூண்டு. மேப்பிள் மரங்கள் இலை விடுவதற்கு முன், வெயில் தரைவரை இறங்குகிற சில வாரங்கள்தான் அதற்கு ஆயுள். வழுவழுப்பான அகலத் தழை, அடியில் சிவந்த காம்பு, மண்ணுக்குள் சின்ன வெள்ளைக் கிழங்கு. வாடை இருக்கிறதே, வெங்காயமும் பூண்டும் கட்டிப்புரண்ட மாதிரி இருக்கும். தின்றுவிட்டு வருகிற பிள்ளையை வாத்தியார் வகுப்புக்குள் விடமாட்டார். குளிர்காலம் முழுக்கப் பீன்ஸும் உப்புக்கறியும் தின்று நாக்கு செத்துப்போனவர்களுக்கு அதைக் கண்ணால் பார்த்தால்தான் உயிர் வரும். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, ஊர் தீயணைப்புக் கூடத்தில் ராம்ப் விருந்து நடக்கும். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள்.

பஸ் மலையேறுகிற பாதையில் ஒரு வளைவு உண்டு. அங்கிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவு முழுசாகத் தெரியும். டெல்ஃபியா ஓட்ட ஆரம்பித்த காலத்தில் அந்தச் சரிவு ஏப்ரலில் பச்சைக் கம்பளி போர்த்திக்கொண்டு கிடக்கும். அப்புறம் அங்கங்கே பொத்தல் விழுந்தது. ஆட்கள் மண்வெட்டியோடு போய்க் குத்துக் குத்தாகக் கிழங்கோடு பெயர்த்து, நகரத்து உணவகங்களுக்கு மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள். விதை விழுந்து தழை வெட்டும் அளவுக்கு வளர ஆறேழு வருடம் பிடிக்கிற செடி அது. ஒரு ஏப்ரலில் அந்தச் சரிவில் கிளறிப்போட்ட மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. டெல்ஃபியா பிள்ளைகளோடு பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் அழுததைப் பார்த்த பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

அந்த வாரமே தீயணைப்புக் கூடத்துக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"இனிமே விருந்துக்குக் கிழங்கு வேண்டாம். ஒரு செடியில ரெண்டு எலை இருந்தா ஒண்ண மட்டும் வெட்டுங்க. மத்தது மண்ணுல இருக்கட்டும். அடுத்த வருஷமும் திங்கணும்ல?"

முதலில் சிரித்தவன் அவள் கணவனின் தம்பி டார்சி. "ஏன் தாயே, கோழியப் பிடிச்சு ஒத்த றெக்கைய மட்டும் பிச்சுக்கிட்டு, 'போயிட்டு அடுத்த வருஷம் வா'ன்னு அனுப்பிரவா?"

கூடமே குலுங்கியது. டெல்ஃபியா அசரவில்லை. "கிழங்கு இருந்தா மறுபடி முளைக்கும் டார்சி. உன் தலைய வெட்டிப் பாரு, முளைக்குதான்னு."

ஒருவழியாகத் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் டார்சி மட்டும் வருடா வருடம் தன் சொந்தக் காட்டில் கிழங்கோடு தோண்டி, கழுவி, வெள்ளை வெளேரென்று ஒரு தட்டில் அடுக்கி, அவள் கண்ணில் படுகிற மாதிரி மேசை முனையில் வைத்துத் தின்பான். அவள் பார்க்காத மாதிரி போவாள். போகிற போக்கில் ஏதாவது சொல்லாமல் போகமாட்டாள். இருவருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டவர் ஓக்கி, அவள் கணவர். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர். சண்டை என்றாலே காதுக்கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்கிற மனுஷன்.

நான் சொல்லப்போவது அந்தத் தீர்மானத்துக்கு நான்காவது வருட விருந்து.

விடியற்காலையிலேயே தீயணைப்பு வண்டியையும் ஆம்புலன்ஸையும் கூடத்திலிருந்து வெளியே சரளைக்கல் மைதானத்துக்கு நகர்த்திவிட்டு, உள்ளே மேசைகளைப் போட்டிருந்தார்கள். வெட்டிய தழைகளை ஊர்க்காரர்கள் சாக்கில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். யார் சாக்கு என்று யாரும் கேட்பதில்லை. பெண்கள் அவற்றைத் தொட்டித் தண்ணீரில் கொட்டி அலசினார்கள். டெல்ஃபியாதான் அந்த மேசைக்கு ராணி. யாருக்காவது ஒரு தழையில் சந்தேகம் வந்தால் அவளிடம் நீட்டுவார்கள். வாங்குவாள், விரலால் கசக்குவாள், மூக்கருகில் கொண்டுபோவாள்.

"நல்லதுதான். போடு."

காலையிலிருந்து எத்தனை தழையை அப்படி மோந்து "போடு" என்றாளோ, அவளுக்கே கணக்கில்லை.

ஓக்கி பெரிய இரும்பு வாணலியில் பன்றிக்கொழுப்பை உருக்கி, முதல் ஈடு தழையை நறுக்கிப் போட்டு, உருளைக்கிழங்கோடு வதக்கினார். கதவு திறப்பதற்கு முன் முதல் வாணலியைச் சமைக்கிறவர்தான் ருசி பார்க்கவேண்டும் என்பது அந்தக் கூடத்து வழக்கம். ஓக்கி அதை ஒப்புக்குச் செய்கிறவர் இல்லை. சோளரொட்டியோடு ஒரு தட்டு நிறைய வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதியில் நிறுத்தினார்.

"டெல்ஃபி, லேசா கசக்குது."

"நெஞ்சு மாத்திரை மாத்தின ரெண்டு மாசமா உனக்கு எல்லாமே கசக்குது."

"இல்ல, நெசமாத்தான். நீயும் ஒரு வாய் பாரேன்."

டெல்ஃபியாவின் இரண்டு கையும் தொட்டிக்குள் இருந்தன. வாசலில் வரிசை சேர ஆரம்பித்திருந்தது. டார்சி வேறு வெளியே சிகரெட்டோடு நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். தழை கசக்கிறது என்ற பேச்சு அவன் காதில் விழுந்தால் போதும், வருடம் முழுக்கச் சொல்லிக் காட்டுவான். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கிழங்கு தின்னு பழகுன நாக்கு உனக்கு. தழைன்னா அப்படித்தான் இருக்கும். சத்தம் போடாம தின்னுட்டு வேலையப் பாரு."

ஓக்கி சத்தம் போடாமல் தின்றார். தட்டைக்கூட ரொட்டியால் துடைத்துத் தின்றார். அவள் மனம் கோணக்கூடாது என்றால் அவர் எதையும் செய்வார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டியின் அடியிலிருந்து அவள் ஒரு தழையை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. ராம்ப் தழை முயல்காதுபோல வழுவழுவென்று இருக்கும், நடுவில் ஒரு நரம்பு ஓடும். இதில் நீளவாக்கில் வரிவரியாக மடிப்பு, விசிறியைப் பாதி விரித்த மாதிரி. பழக்கதோஷத்தில் மோந்து பார்த்தாள். ராம்ப் வாடைதான் அடித்தது. நல்லதுதான் என்று நினைத்துத் தொட்டிக்குள் போடக்கூடப் போய்விட்டாள்.

பிறகுதான் உறைத்தது. தன் விரலை மோந்தாள். ராம்ப். மேசை விளிம்பை மோந்தாள். ராம்ப். மேலே கட்டியிருந்த ஏப்ரன், தொட்டி, சுவர், எதை மோந்தாலும் ராம்ப். காலையிலிருந்து அவள் மோந்ததெல்லாம் தன் கையைத்தான்.

தழையைக் குழாய்த் தண்ணீரில் அலசி, ஒரு கரண்டியால் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். டிக்கெட் மேசையில் இருந்த ஆர்வெல்லா காலையிலிருந்து தழைப் பக்கமே வராதவள்.

"ஆர்வெல்லா, இத மோந்து பாரு."

"ஏன், எனக்கென்ன தெரியும் இதப் பத்தி?"

"மோந்து பாருடி!"

ஆர்வெல்லா தழையைக் கையில் எடுத்துக் கசக்கி மோந்தாள். "ஒண்ணும் இல்லயே. வெறும் புல்லு வாடை."

ராம்ப் முளைக்கிற அதே வாரத்தில், ஊற்று கசிகிற ஈரத்தில் முளைக்கிற இன்னொரு செடி உண்டு. பேய்த்தழை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கும் இருக்காது, சிவப்புக் காம்பும் இருக்காது. தின்றால் முதலில் வாந்தி. அப்புறம் நெஞ்சுத் துடிப்பு ஒவ்வொன்றாகக் குறையும். ஓக்கி தினமும் விழுங்குகிற மாத்திரையும் துடிப்பைக் குறைக்கிற மாத்திரைதான்.

"அடுப்ப அணைங்க! ஒருத்தரும் ஒண்ணும் வாயில வைக்காதீங்க!"

பஸ்ஸில் போடுகிற சத்தம் அது. தொட்டியைக் கவிழ்த்துத் தேடியதில் இன்னும் சில மடிப்புத் தழைகள் கிடைத்தன. வாசல் சாக்குகளை உதறிப் பார்த்ததில் ஒன்றின் அடியிலும் அதே மடிப்புத் தழை. குதிரைப் படம் போட்ட தீவனச் சாக்கு. அந்தச் சாக்கின் மேல்பாதிதான் முதல் வாணலிக்குப் போயிருந்தது.

அவள் சாக்கைத் தூக்கிப் பிடித்தாள். "இது யாரோட சாக்கு?"

எல்லாரும் பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"நான் யாரையும் கடிச்சுத் திங்கப் போறதில்ல. எங்க வெட்டினதுன்னு தெரிஞ்சா போதும். மேட்டுலன்னா ஒண்ணு ரெண்டுதான் கலந்திருக்கும். ஊத்துப் பக்கம்னா பாதி அதுவாத்தான் இருக்கும். அந்த வாணலிய ஓக்கி தின்னுட்டாரு. சொல்லுங்கப்பா!"

கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்த ஓக்கி கையை அசைத்தார். "எனக்கு ஒண்ணுமில்ல. அடுப்புச் சூடு." அடுப்பு அணைந்து ஆறிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"என் சாக்கு."

வாசலில் டார்சி நின்றான். யாரோ உள்ளே கெக்கே என்று சிரித்தார்கள். டெல்ஃபியா பல்லைக் கடித்தாள்.

"இது வெளையாடற நேரமா டார்சி? நீ எந்தக் காலத்துல தழை வெட்டின?"

"இந்த வருஷம் வெட்டினேன். கல்லுப்பாலத்து ஊத்துக்குக் கீழ." அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "மொத்தமும் அங்கதான் வெட்டினேன்."

ஓக்கி எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டடி வைத்தவர் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தார்.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் விருந்துக்கு ஹாம் என்கிற பன்றித்தொடைக் கறி வாங்க டவுனுக்குப் போயிருந்தான். முதலுதவி படித்தவன் கூடத்தில் டார்சி ஒருவன்தான். அவன் அண்ணனைத் தூக்கிப் படுக்கவைப்பதற்குள் டெல்ஃபியா ரொட்டி உறையில் அந்த மடிப்புத் தழையைப் போட்டு எடுத்துக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டாள்.

"சாவியக் குடு."

"நீயா ஓட்டுற?"

"இந்த ரோட்டுல என்னவிட எவன் ஓட்டுவான்? குடு!"

ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். எந்த வளைவில் சரளை கிடக்கும், எங்கே மான் குறுக்கே பாயும், எந்த இடத்தில் தைரியமாக மிதிக்கலாம் என்று அவள் காலுக்கே தெரியும். சைரனைப் போட்டுவிட்டு மிதித்தாள். கண் தானாக மேலே இருக்கிற கண்ணாடிக்குப் போனது. அதில் ஓக்கியின் ஒரு கையும் டார்சியின் குனிந்த முதுகும் தெரிந்தன.

"டார்சி, எப்படி இருக்கு?"

"துடிப்பு மெதுவாகுது. நீ ரோட்டப் பாரு."

"பேச்சுக் குடு அவருக்கு. தூங்க விடாத."

"ஓக்கி, டேய் ஓக்கி, கண்ணத் தொற. அப்பாவோட அந்தக் கோவேறு கழுதை பேரு என்ன? சொல்லு பாப்போம்."

ஓக்கியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உன் பேருதான்..."

டெல்ஃபியாவுக்குச் சிரிப்பு வந்தது. கசக்குது என்ற அந்த ஒரு சொல் காதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நீயும் ஒரு வாய் பாரேன் என்றாரே. ஒரு வாய், ஒரே ஒரு வாய் எடுத்துப் போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எதிர்ச்சரிவு தெரிகிற வளைவு வந்தது. நான்கு வருடத்தில் அங்கே மறுபடி பச்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"டார்சி?"

கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"டார்சி! மூச்சு இருக்கா?"

கண்ணாடியில் டார்சி காதை அண்ணனின் வாயருகில் வைத்துக் குனிந்திருந்தான். ஓக்கியின் கை விளிம்பிலிருந்து தொங்கி வண்டியோடு சேர்ந்து ஆடியது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் நின்றுவிடுவாள், நின்றால் அவ்வளவுதான் என்று தெரியும்.

"இருக்கு," என்றான் டார்சி கடைசியில். "இருக்கு. மிதி."

ஆஸ்பத்திரி வாசலில் ஓடிவந்த பெண் டாக்டர், என்ன சாப்பிட்டார் என்று கேட்டு முடிப்பதற்குள் டெல்ஃபியா ரொட்டி உறையை அவள் கையில் திணித்தாள். "இதாங்க. பூண்டுத் தழையோட கலந்துபோச்சு. அவருக்கு ஸ்டென்ட் இருக்கு, நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுறாரு." டாக்டர் தழையைப் பார்த்தாள், யாருக்கோ போன் போடச் சொன்னாள், படுக்கையோடு உள்ளே ஓடினாள். கதவு ஆடி நின்றது.

இருவரும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் மேலிருந்து அடித்த வாடைக்கு, பக்கத்தில் இருந்தவர்கள் மரியாதையாக எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அந்த வரிசையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"ஏன்டா வெட்டின?" என்றாள் டெல்ஃபியா. "நாலு வருஷமா என்னக் கிண்டல் பண்ணிட்டு, இந்த வருஷம் ஏன் வெட்டின?"

டார்சி தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தான். "ஓக்கி கேட்டான். 'ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் அவ சொல்றபடி செய்யி. நீங்க ரெண்டு பேரும் சண்ட போடாம ஒரு விருந்து திங்கணும் எனக்கு'ன்னான். சரின்னேன். உங்கிட்டச் சொன்னா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிரும்னு, சாக்க வாசல்ல வச்சிட்டு வந்துட்டேன்."

"காம்பப் பாத்து வெட்ட வேண்டியதுதான? சிவப்பா இருக்குமே!"

"எப்பவும் புடுங்கித்தான் எனக்குப் பழக்கம். கிழங்கு வெளிய வந்தா ராம்பு, வராட்டி இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." அவன் குரல் உடைந்தது. "நீ கிழங்கத் தொடாதன்ன. நான் காம்பக்கூடத் தொடல டெல்ஃபி. மேல இருக்கிற எலைய மட்டும் கத்திரிக்கோல்ல வெட்டுனேன். ஒண்ணாவது சரியா செய்யலாம்னு."

டெல்ஃபியா கூட்டத்தில், விருந்தில், வழியில் பார்த்த இடத்திலெல்லாம் அவனைத் திட்டியிருக்கிறாள். ஒருநாளாவது கூட்டிக்கொண்டு போய், இப்படிக் காம்போடு சேர்த்து வெட்டு, கிழங்கு அடியிலேயே இருக்கும் என்று காட்டியதில்லை. திட்டுவதில் இருந்த சுகம் காட்டுவதில் இருக்காது என்று அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

"என்னால போயிட்டான்னா..." என்றான் டார்சி.

அவன் அப்படியே நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடலாம். கூடத்தில் யாருக்கும் தெரியாது. ஓக்கி அடுப்படியில் சொன்னது அவர்கள் இருவருக்குள் நடந்த பேச்சு.

"உன்னால மட்டும் இல்ல," என்றாள். "அவரு கசக்குதுன்னு சொன்னாரு. ஒரு வாய் தின்னு பாருன்னு எங்கிட்டக் கேட்டாரு. உன் காதுல விழுந்துரும்னு நான் அவர அதட்டித் திங்க வச்சேன். பாதித் தட்டுல நிறுத்தினவரு டார்சி, நான்தான் மிச்சத்தையும் திங்க வச்சேன்."

டார்சி அவளைத் திரும்பிப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள், படவில்லை. தொப்பியைத் தலையில் வைத்தான், மறுபடி கழற்றினான்.

"அவன் பொழச்சு வரட்டும்," என்றான். "அத அவங்கிட்ட நீயே சொல்லு."

சாயங்காலம் கதவு திறந்தது. துடிப்பு ஏறிக்கொண்டிருக்கிறது, ராத்திரி இங்கேயே இருக்கட்டும், பயமில்லை என்றாள் டாக்டர். டெல்ஃபியா எழுந்து கதவருகே போனாள். டார்சி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பார்க்காத மாதிரி இருந்துகொண்டு, போகிற போக்கில் எதுவும் சொல்லாமலும் அவள் விட்டது அதுதான் முதல் தடவை.

ஓக்கி காய்ந்த முகத்தோடு படுத்திருந்தார். கையில் ஊசி, நெஞ்சில் ஒயர்கள். அவளைக் கண்டதும் உதடு அசைந்தது.

"விருந்து என்னாச்சு?"

"பீன்ஸும் ஹாமும் போட்டாங்களாம். எல்லாரும் மொணங்கிக்கிட்டே தின்னாங்களாம்."

"கசக்குதுன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"கேட்டியா?"

இத்தனை வருடக் கல்யாணத்தில் அந்தக் கேள்விக்கு அவள் வைத்திருந்த பதில்கள் ஒரு மூட்டை இருக்கும். நீ சரியாகச் சொல்லவில்லை, நீ எப்போதும் அப்படித்தான், எனக்குக் கை வேலையாக இருந்தது. அதில் ஒன்றையும் அவள் எடுக்கவில்லை.

"கேக்கல," என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

பிர்ச் லிக்கில் விருந்து நின்றுவிடவில்லை. கிழங்கும் திரும்பி வரவில்லை. சிவப்புக் காம்பு ஒட்டாத தழையை இப்போது தொட்டிப் பக்கமே விடுவதில்லை. மேசையில் கை வைத்தவர் எவரும் மோந்து பார்த்துச் சொல்லக்கூடாது என்று டெல்ஃபியாவே கூட்டத்தில் எழுந்து சொன்னாள். கல்லுப்பாலத்து ஊற்றுப் பக்கம் போகிறவர்களை டார்சி முன்னால் நடந்து கூட்டிக்கொண்டு போகிறான். அவனும் டெல்ஃபியாவும் வழி நெடுகச் சண்டை போட்டுக்கொண்டேதான் போகிறார்கள் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள்.

முதல் வாணலியை ஓக்கி ருசி பார்ப்பதில்லை. டெல்ஃபியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எல்லாரும் பார்க்க ஒரு கரண்டி எடுத்து வாயில் போடுகிறாள். வரிசை வெளியே காத்திருக்கிறது. அடுப்புக்கு அந்தப் பக்கம் வாளிமேல் உட்கார்ந்திருக்கிற ஓக்கி காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டு கேட்கிறார்.

"கசக்குதா?"

அவள் உடனே பதில் சொல்வதில்லை. நன்றாக மென்று, விழுங்கி, இன்னொரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் சொல்கிறாள்.